பூஜைத் தட்டு ஆப்பிளும் வள்ளியின் தினைமாவும்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டு அலமாரியில் என்னென்ன மிஞ்சியிருக்கும்? நான் சொல்லட்டுமா? ஒரு படி பொரி. நமுத்துப் போவதற்குள் யாராவது கொறிக்க மாட்டார்களா என்று காத்துக் கிடக்கும் பொரி! கொஞ்சம் பொட்டுக்கடலை. நாட்டுச் சர்க்கரை. இரண்டு மூடித் தேங்காய். நாலைந்து எலுமிச்சம்பழம். பெரிய சீப்பாக வாழைப்பழம். இவற்றுக்கெல்லாம் நடுவில், தட்டிலே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த சிவப்பு ஆப்பிள்கள்.

வாழைப்பழத்தைப் பற்றிக் கவலையில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் உரித்துக்கொள்வார்கள். பொரியைத் தாளித்துவிடலாம். தேங்காய் துவையலாகிவிடும். ஆனால் இந்த ஆப்பிள் இருக்கிறதே, அதுதான் சங்கடம். முதல் நாள் குழந்தைகள் ஆளுக்கு ஒன்று கடிப்பார்கள், பாதியில் வைத்துவிடுவார்கள். இரண்டாம் நாள் அதன் மேல் சுருக்கம் விழும். மூன்றாம் நாள் கன்னத்தில் ஒரு பழுப்புத் தழும்பு. நாலாம் நாள், "ஐயோ, காசு கொடுத்து வாங்கினதாயிற்றே!" என்று வருத்தப்பட்டுக்கொண்டே தூக்கி எறிய வேண்டியதுதான்.

எறிய வேண்டாம், சகோதரிகளே! அந்த ஆப்பிள், அந்தப் பொட்டுக்கடலை, அந்த நாட்டுச் சர்க்கரை, அந்த எலுமிச்சம்பழம் இவற்றையே வைத்து, வீட்டில் உள்ள ஆறு பேரும் தட்டை வழித்துச் சாப்பிடும்படியான ஒரு பலகாரம் செய்யலாம். முட்டை வேண்டாம். புரட்டாசி மாதத்தில் அசைவத்தைத் தொடாத வீடுகளுக்கும் ஒத்துக்கொள்ளும். விலை உயர்ந்த அடுப்பும் வேண்டாம். அடி கனமான ஒரு வாணலி போதும்.

நோயாளியின் பழம்

நம் வீடுகளில் ஆப்பிளுக்கு ஒரு விசித்திரமான அந்தஸ்து உண்டு. மாம்பழத்தைப் போல, கொய்யாவைப் போல அது வீட்டுப் பிள்ளை அல்ல, விருந்தாளி. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிள். நிச்சயதார்த்தத் தட்டில் ஆப்பிள். பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் ஆப்பிள். நமக்கு நாமே ஆசைப்பட்டு வாங்குவது எப்போது? ஜுரம் வந்தால்தான்!

அப்படி வாங்கிய பழத்தை அம்மா எப்படி நறுக்குகிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? பிறை பிறையாக மெல்லிய துண்டுகள். பெரியவனுக்கு நாலு, சின்னவளுக்கு நாலு, மாமனாருக்கு மூன்று, வீட்டுக்காரருக்கு மூன்று. அம்மாவுக்கு? நடுவில் கொட்டையைச் சுற்றிப் பல்லால் சுரண்ட வேண்டிய தண்டு. "எனக்கு ஆப்பிளே பிடிக்காது" என்று ஒரு பொய் வேறே.

இந்த வழக்கத்தை உபதேசம் செய்து மாற்ற முடியாது. பாத்திரத்தை மாற்றித்தான் மாற்ற முடியும். ஒரே தட்டில் வெந்து வருகிற பலகாரத்துக்குத் தண்டு கிடையாது, ஓரம் கிடையாது. கரண்டி போட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும். அதனால்தான் உலகத்தின் பல மூலைகளில் ஏழைத் தாய்மார்கள் ஆப்பிளை இப்படிச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

தறி ஊரின் மழைக்காலம்

திருத்தணி முருகனைத் தரிசிக்கப் போனவர்களில் எத்தனை பேர் அதற்கு வடமேற்கே உள்ள பொதட்டூர்பேட்டையைப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. பள்ளிப்பட்டுத் தாலுகாவைச் சேர்ந்த ஊர். ஆந்திர எல்லை வெகு பக்கம். தெருவிலே தமிழும் தெலுங்கும் கைகோத்துக்கொண்டு நடக்கும். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிதான் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்காக ம. பொ. சிவஞானம் நடத்திய எல்லைப் போராட்டம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் கைத்தறி. இப்போது பெரும்பாலும் விசைத்தறி. வீட்டுக்குள்ளேயே தறி. தறியின் 'சடக் சடக்' ஓசையில்தான் குழந்தைகள் தூங்கும். தறி நின்றால் விழித்துக்கொள்ளும். ஆயுத பூஜை இப்படிப்பட்ட ஊரில் எத்தனை பெரிய நாள் என்று கேட்க வேண்டுமா? தறிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நூல் கண்டுக்கும் தாருக்கும் நாடாவுக்கும் பொட்டு. அன்று ஒரு நாள்தான் தறிக்கு ஓய்வு.

அதற்குப் பிறகு வருவது ஐப்பசி. கைத்தறிக் காலத்தில் ஐப்பசி மழை என்றாலே நெசவாளர் வீட்டில் அடுப்பைப் பற்றிய கவலை வந்துவிடும். தெருவிலே நீளக் கட்டிக் கஞ்சி போட்ட பாவு, வெயில் இல்லாவிட்டால் காயாது. குழித்தறியில் ஈரம் ஊறும். பாவு காயாவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கூலி ஏது? வெளியே குளிர், உள்ளே பசி, பையில் காசு குறைவு. இந்த மூன்றும் சேர்கிற நாளில்தான் சூடாக, இனிப்பாக, சிக்கனமாக ஒன்று வேண்டியிருக்கிறது.

மேல்நாட்டாருக்கு இதே மாதங்கள் இலையுதிர் காலம். நமக்கு இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம் என்று நம் முன்னோர் பிரித்தார்கள். அங்கே இலை உதிர்கிறது. இங்கே மழை உதிர்கிறது. ஆனால் அடுப்படியில் ஒண்டிக்கொண்டு சூடாக எதையாவது சாப்பிட வேண்டும் என்ற ஆசை மட்டும் இரு இடத்திலும் ஒன்றுதான்.

சிக்கனத்தில் பிறந்த தித்திப்பு

ஆப்பிளை மாவோடு சேர்த்துச் சுடுகிற பலகாரங்களில் எத்தனை ரகம் தெரியுமா? பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், நியூ இங்கிலாந்து என்ற பிரதேசத்தில், 'கிரண்ட்' என்று ஒன்று. கிரண்ட் என்றால் உறுமல்! பாத்திரத்தில் பழத்தைக் கொதிக்கவிட்டு, மேலே மாவு உருண்டைகளைப் போட்டு மூடுவார்கள். உள்ளே அது 'குர்ர், குர்ர்' என்று உறுமுமாம். இதற்கு அடுமனை அடுப்பே வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். நம் பால் கொழுக்கட்டைக்கு அது சித்தப்பா பிள்ளை. இதையே 'ஸ்லம்ப்' என்றும் சொல்வார்கள். தட்டில் போட்டதும் சரிந்து உட்கார்ந்துவிடும் என்று அர்த்தம். 1868-இல் வெளியான 'லிட்டில் விமன்' நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் அம்மையார் தம்முடைய பழைய வீட்டுக்கே 'ஆப்பிள் ஸ்லம்ப்' என்று வேடிக்கைப் பெயர் வைத்திருந்தார்!

'பிரௌன் பெட்டி' என்று மற்றொன்று. காய்ந்து போன ரொட்டியை உதிர்த்து, ஆப்பிள் ஒரு அடுக்கு, ரொட்டித்தூள் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சுடுவது. மிஞ்சின ரொட்டி வீணாகக் கூடாதே என்ற கவலையில் பிறந்தது. மிஞ்சின இட்லியை உப்புமா செய்கிற நமக்கு அந்தக் கவலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிரான்ஸ் தேசத்தில் லாமோட் பெவ்ரான் என்ற ஊரில் தத்தேன் சகோதரிகள் என்று இருவர் ஹோட்டல் நடத்தினார்கள். ஆப்பிளை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் போட்டு வைத்துவிட்டு மறந்துபோய், அது கருகப்போகும் சமயத்தில் மேலே மாவை வைத்து மூடி, சுட்டுக் கவிழ்த்துப் பரிமாறினார்களாம். அப்படிப் பிறந்ததாம் அவர்கள் பெயரில் இன்றும் வழங்குகிற கவிழ்த்துப் போட்ட ஆப்பிள் பலகாரம். கதை உண்மையோ பொய்யோ, பண்டம் பிரசித்தமாகிவிட்டது.

நாம் இன்று செய்யப் போவது இங்கிலாந்தின் 'கிரம்பிள்'. உதிர்தல் என்று பொருள். அவர்களுடைய 'பை' என்ற பலகாரத்துக்கு மாவைப் பிசைந்து, திரட்டி, மேலும் கீழும் வைத்து மூட வேண்டும். வெண்ணெய் நிறையச் செலவாகும், கைப்பக்குவமும் வேண்டும். இரண்டாவது மகாயுத்தம் வந்தது. 1940 ஜனவரியில் இங்கிலாந்தில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்துவிட்டது. பங்கீடு முழுவதும் நீங்கியது 1954-இல்தான். கையில் உள்ள கொஞ்சம் வெண்ணெயை மாவோடு விரலால் பிசறி, உதிரியாகவே பழத்தின் மேல் தூவிச் சுட்டுவிடுவது அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு பரவியது. யுத்தம் போயிற்று, பங்கீடு போயிற்று. கிரம்பிள் மட்டும் போகவில்லை. பஞ்சத்துக்கு வந்த பண்டம் பாட்டி பலகாரமாக நிலைத்துவிட்டது!

மலையிலிருந்து வந்த மாப்பிள்ளை

நாம் தின்கிற சிவப்பு ஆப்பிளுக்கும் ஒரு கதை உண்டு. 1904-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற பணக்கார வீட்டு இளைஞர், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியாவுக்கு வந்தார். சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் என்ற மலைக் கிராமத்தில் தங்கினார். அந்தப் பகுதிப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டார். அந்த மலை மக்களின் வறுமையைக் கண்டு, 1916-இல் அமெரிக்காவிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' ஆப்பிள் கன்றுகளைத் தருவித்து நட்டார். இன்று இமாசலப் பிரதேசத்து மலைச்சரிவெல்லாம் ஆப்பிள் தோட்டமாக இருப்பதற்கு அதுதான் வித்து. மனிதர் அதோடு நின்றாரா? காந்திஜியின் இயக்கத்தில் சேர்ந்து 1921-இல் சிறைக்கும் போனார். பிறகு சத்யானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1946-இல் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்.

நம் சமவெளியில் ஏன் இந்த ஆப்பிள் விளைவதில்லை? அந்த மரத்துக்குக் குளிரில் தூங்க வேண்டும். குளிர்காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் கடுங்குளிர் கிடைத்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். திருத்தணி வெயிலில் அது எங்கே தூங்கும்? ஆகையால் ஆடி மாதத்திலிருந்து இமாசலப் பழமும், அதற்குப் பின்னால் காஷ்மீரப் பழமும், 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் ஆடிக் குலுங்கிக்கொண்டு நம்மிடம் வந்து சேருகின்றன. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அவை புதுப் பழம். சித்திரையில் வாங்கினால் மாதக்கணக்கில் குளிர்பதனக் கிடங்கில் கிடந்த பழமாக இருக்கும். அல்லது கடல் கடந்து வந்ததாக இருக்கும்.

தேனும் தினைமாவும்

சரி, கிரம்பிளுக்கு மேல்மாவு வேண்டும். இங்கிலீஷ்காரி மைதா போடுவாள். நாம் ஏன் போட வேண்டும்?

திருத்தணி என்ற பெயருக்கே, முருகனுடைய கோபம் தணிந்த இடம் என்று பொருள் சொல்வார்கள். தினைப்புனம் காத்த வள்ளியை மணந்து அவர் அமர்ந்த மலை அது. கிழவர் வேஷம் போட்டுப் 'பசிக்கிறது' என்று வந்த முருகனுக்கு வள்ளி என்ன கொடுத்தாள்? தேனும் தினைமாவும்! அடுப்பில்லாத காட்டில் ஒரு பெண் செய்து கொடுத்த பலகாரம். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சுமந்து அந்த 365 படிகளையும் ஏறுகிற பக்தர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்.

பக்தி ஒரு புறம் இருக்கட்டும். சமையல் நியாயமும் இதில் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் இழுத்தால் வருகிறதே, ஒரு பசை, அந்தப் பசைத் தன்மை தினைக்குக் கிடையாது. தினைமாவில் சப்பாத்தி திரட்டப் போனால் விண்டு போகும். ஆனால் கிரம்பிளுக்கு வேண்டியதே விண்டு போவதுதான்! மைதாவில் செய்தால் கொஞ்சம் அதிகமாகப் பிசைந்துவிட்டாலும் கட்டை தட்டும். தினைமாவு எப்படிப் பிசறினாலும் மணல் மணலாக உதிரும். வாயில் போட்டால் கரையும். வறுபட்ட வாசனை கமகமவென்று வரும்.

2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய பிறகு தினைமாவு பெரும்பாலான மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் தினையை வாங்கி, கல் பொறுக்கி, வெறும் வாணலியில் வாசனை வரும் வரையில் வறுத்து, ஆறவிட்டு அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

பழம் பொறுக்கும் வித்தை

பளபளவென்று மின்னுகிற முதல் தரப் பழத்தை இதற்கு வாங்காதீர்கள். சாயங்கால வேளையில் பழக்கடைக்காரர் ஒதுக்கி வைத்திருப்பாரே, லாரியில் அடிபட்டது, சுருங்கினது, கோணலானது, அதைக் கூறாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். அடிபட்ட பழம் வேறு, அழுகின பழம் வேறு. அடிபட்டதில் தோலின் கீழ் பழுப்பாக இருக்கும், வாசனை கெட்டிருக்காது. அந்த இடத்தைச் செதுக்கிவிட்டால் போதும். பூசணம் பூத்து மெத்தென்று ஆகிவிட்டதா? அந்தப் பழத்தை முழுவதுமாகவே எறிந்துவிடுங்கள். பூசணத்தால் 'பட்டுலின்' என்ற விஷப்பொருள் உண்டாகலாம். வேகவைத்தாலும் அது முற்றிலும் போகாது. சிக்கனம் வேண்டியதுதான், வைத்தியர் வீட்டுக்கு வழி தேடுகிற சிக்கனம் கூடாது.

கெட்ட பழத்தை மற்றவற்றோடு கூட வைக்கவும் கூடாது. ஆப்பிள் பழுக்கும்போது 'எத்திலீன்' என்ற வாயுவை வெளிவிடும். அது பக்கத்திலிருக்கும் பழங்களையும் சீக்கிரம் கனியச் செய்துவிடும். 'ஒரு கூடைக்கு ஒரு அழுகல்' என்கிறோமே, அது வெறும் பழமொழி அல்ல, ரசாயனம்!

நம் ஊருக்கு வருகிற சிவப்பு ஆப்பிளுக்குப் புளிப்புக் குறைவு. சீக்கிரம் குழைந்தும் விடும். ஆகையால் எலுமிச்சைச் சாறு அவசியம். துண்டுகளையும் அரை அங்குலக் கனத்துக்குக் குறையாமல் நறுக்க வேண்டும். எலுமிச்சைச் சாறுக்கு மற்றொரு வேலையும் உண்டு. நறுக்கின ஆப்பிள் காற்றுப் பட்டதும் பழுப்பாகிறதே, அதைத் தடுக்கும். (பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம் என்றேன். மோட்டார் சக்கரத்தின் கீழே வைத்ததை அல்ல!)

ஆப்பிள் விலை ஏறியிருந்தால் கொடைக்கானல் பேரிக்காயைப் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். 'நறுக் நறுக்' என்று கடிக்கிற நாட்டுப் பேரிக்காய் இதற்கு வெகு பொருத்தம். அது வேக மட்டும் கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகும். அதே சமயத்தில் தெருவில் கூடைகூடையாக வருகிற சீதாப்பழத்தை மாத்திரம் இதில் சேர்த்துவிடாதீர்கள். சீதாப்பழம் சூடுபட்டால் கசந்துவிடும்.

தேவையான சாமான்கள்

பழத்துக்கு:
ஆப்பிள் – 1 கிலோ (நடுத்தரமாக 6 அல்லது 7)
நாட்டுச் சர்க்கரை – 75 கிராம்
எலுமிச்சைச் சாறு – 1 மேஜைக் கரண்டி
லவங்கப்பட்டைத் தூள் – அரைத் தேக்கரண்டி
ஏலக்காய் – 3, கிராம்பு – 2 (இரண்டையும் பொடித்துக்கொள்ளவும்)

மேல்மாவுக்கு:
வறுத்த தினைமாவு – 150 கிராம்
பொட்டுக்கடலைப் பொடி – 50 கிராம்
நாட்டுச் சர்க்கரை – 75 கிராம்
உறைந்த நெய் அல்லது வெண்ணெய் – 100 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை
தேங்காய்த் துருவல் – ஒரு கைப்பிடி (விருப்பமானால்)

பரிமாறும்போது: தேன் கொஞ்சம், சுண்டக் காய்ச்சிய பால் ஒரு டம்ளர்.

செய்முறை

ஆப்பிளை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பளபளப்புக்காகப் பூசின மெழுகு போக வேண்டும். தோலைச் சீவுங்கள். பாதித் தோலை விட்டுவிட்டாலும் பாதகமில்லை. கொட்டையையும் தண்டையும் நீக்கிவிடுங்கள். அரை அங்குலக் கனத் துண்டுகளாக நறுக்கி, நறுக்க நறுக்கவே எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள். சர்க்கரை, பட்டைத் தூள், ஏலக்காய், கிராம்புப் பொடிகளைச் சேர்த்துக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். சாறு விடும். அது பாவு என்றால் மேல்மாவு ஊடு. இரண்டும் சேர்ந்தால்தான் துணி!

இதற்குள் மேல்மாவைத் தயார் செய்யலாம். தினைமாவு, பொட்டுக்கடலைப் பொடி, சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் அகலமான தாம்பாளத்தில் கலந்துகொள்ளுங்கள். நெய்யைத் துண்டு துண்டாகப் போட்டு விரல் நுனியால் மட்டும் பிசறுங்கள். உள்ளங்கை படக் கூடாது. உள்ளங்கைச் சூட்டில் நெய் உருகிவிடும். புட்டு மாவு பதம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்: பிடித்தால் பிடிபட வேண்டும், அழுத்தினால் உதிர வேண்டும். அதுதான் பதம். மழைக்காலத்திலும் நெய் உறையாத ஊராக இருந்தால் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு இல்லையே என்கிறீர்களா?

மின்சார அடுமனைப் பெட்டி உள்ளவர்களுக்குக் கஷ்டமே இல்லை. தட்டில் ஆப்பிளைப் பரப்பி, மேலே மாவை அழுத்தாமல் தூவி, 180 டிகிரி சூட்டில் 35 முதல் 40 நிமிஷம் வரை வைத்தால், மேலே பொன்னிறமாகி ஓரத்தில் சாறு கொப்புளிக்கும்.

பெட்டி இல்லாதவர்கள் கேளுங்கள். அடி கனமான பழைய வாணலி அல்லது அலுமினியப் பானை ஒன்றை எடுங்கள். அடியில் ஓர் அங்குலக் கனத்துக்குச் சுத்தமான காய்ந்த மணலோ கல்லுப்போ பரப்புங்கள். நடுவில் ஒரு மணையோ வளையமோ வைத்து மூடிப் பத்து நிமிஷம் நடுத்தரத் தணலில் காயவிடுங்கள். புதுக் குக்கரை இதற்குப் பயன்படுத்திப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம்.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. சூடு கீழிருந்துதான் வருகிறது, மேலே சிவக்காது. பழத்தின் ஆவி மூடியில் பட்டுச் சொட்டி மாவையும் நனைத்துவிடும். நம் பாட்டிமார் மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டு இதைச் சமாளித்தார்கள். காஸ் அடுப்பு வீட்டில் தணலுக்கு எங்கே போவது? அதற்கு ஒரு சுலபமான வழி: மாவை முன்னாலேயே சிவக்க வைத்துவிடுங்கள்! அகலமான இரும்புத் தோசைக்கல்லில், பிசறி வைத்த மாவைப் பரப்பி, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் மெள்ளத் திருப்பிக்கொண்டே இருங்கள். பொன்னிறம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். தேங்காய்த் துருவலை வறுபடும் கடைசி மூன்று நிமிஷத்தில் சேருங்கள். ஆறினால் மொரமொரப்பாகிவிடும்.

பிறகு ஆப்பிளை மட்டும் தட்டில் பரப்பி, காய்ந்த பானைக்குள் இறக்கி, மூடி இருபது நிமிஷம் வேகவிடுங்கள். ஊசியால் குத்தினால் நுழைய வேண்டும். ஆனால் துண்டு துண்டாகவே இருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் வறுத்த மாவை மேலே கனமாகத் தூவி, மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து ஆவி போகவிட்டு, இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். அவ்வளவுதான்.

அடுப்பை அணைத்ததும் பரிமாறிவிடாதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள். ஆப்பிளில் 'பெக்டின்' என்ற பொருள் இருக்கிறது. பழக்கூழை உறைய வைப்பது அதுதான். ஆற ஆறத்தான் சாறு கெட்டிப்படும். உடனே கரண்டி போட்டால் சாறு தனி, மாவு தனியாக ஓடும்.

வேகிற நேரமெல்லாம் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை என்பது இந்தப் பலகாரத்தின் மற்றொரு நற்குணம். தறி வீட்டுப் பெண் அதற்குள் நாலு தார் சுற்றிவிடுவாள். நீங்கள் இந்த வாரத் தொடர்கதையைப் படித்து முடித்துவிடலாம்!

மாமியார் கேட்பார், மருமகள் சொல்லலாம்

"என்னம்மா இது, நல்ல பழத்தைப் போய் வேகவைப்பார்களா?"

"அத்தை, பல் இல்லாத உங்களுக்குக் கடிக்க முடிகிறதா? வெந்தால் நீங்களும் சாப்பிடலாமே! பழநிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்தைப் பிசைந்துதானே போடுகிறார்கள்?"

"தினைமாவு போட்டிருக்கிறாயே, எனக்குச் சர்க்கரை வியாதி. நிறையச் சாப்பிடலாமா?"

இந்தக் கேள்விக்கு மருமகள் கண்டிப்பாகவே பதில் சொல்ல வேண்டும். தினை என்பதால் தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், தேனும் சர்க்கரைதான். இரண்டு கரண்டி ருசிக்கு, அதுவும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனைக் கொடுக்கவே கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே தேன் விடுவதைப் பரிமாறும்போது அவரவர் தட்டில் வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

மிஞ்சினால் என்ன செய்வது? மிஞ்சாது. மிஞ்சினால், குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் இருக்கும். மேல்மாவை மட்டும் இரட்டிப்பாகச் செய்து டப்பாவில் போட்டு உள்ளே வைத்துக்கொண்டால், திடீரென்று விருந்தாளி வரும்போது ஆப்பிளை நறுக்க வேண்டியதுதான் பாக்கி.

பங்கு போடும் முறை

செய்கிற விதத்தைச் சொல்லியாயிற்று. சாப்பிடுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இது சில்லென்று சாப்பிடுகிற பண்டம் அல்ல. வெளியே ஐப்பசி மழை பெய்து, கூடத்தில் எல்லோரும் ஒண்டியிருக்கும் வேளையில், தட்டோடு கொண்டுவந்து நடுவில் வையுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். அதன் பிறகுதான் கரண்டியால் கோடு கிழிக்க வேண்டும்.

ஆறு பேர் என்றால் ஆறு பங்கு. மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு மிஞ்சினதை வழித்துக்கொள்வது என்ற பேச்சே இன்று வேண்டாம். முதல் பங்கை எடுத்து உங்கள் கிண்ணத்தில் போட்டு, சூடான பாலைக் கொஞ்சம் ஊற்றி, ஒரு சொட்டுத் தேனும் விட்டுக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். "அம்மாவுக்கு ஆப்பிள் பிடிக்காதே!" என்று சின்னவள் ஆச்சரியப்படுவாள். படட்டும். அம்மாவுக்கும் பிடிக்கும் என்று அவள் இந்த வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது. நாளைக்கு அவளும் ஒரு வீட்டில் ஆப்பிள் நறுக்கப் போகிறவள்தானே!